மலர் என்னை ‘நீ’ என்று கூப்பிட்ட நாட்கள்

இதை யாருக்கும் காட்டிடாதீங்க, ப்ளீஸ். ஸ்க்ரீன்ஷாட்டும் வேண்டாம். எங்க ஊர்க்காரங்க பார்த்தா அப்பா காதுக்குப் போயிரும். அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

போன வருஷம்... காரமடை போகும் காலை பஸ். ஈரத்தலைகளின் எண்ணெய் வாசம், யாரோ ஏற்றிய கறிவேப்பிலைக் கட்டின் வாசம்.

கடைசி சீட்டில் நானும் மலரும். பத்தாம் வகுப்பு. இங்கிலீஷில் எந்த வார்த்தைக்கு எந்த வெர்ப் சேரும் என்பதை ஜோடியாகப் பேசிப் பழகச் சொல்லியிருந்தார் மிஸ்.

நான் “டெசிஷன்” என்பேன். அவள் “மேக்குங்க” என்பாள்.

“ஹோம்வொர்க்?”

“டூங்க.”

பஸ்ஸே சிரிக்கும். அந்த ‘ங்க’வுக்குக் காரணம் எனக்குத்தான் தெரியும். அவள் அம்மா எங்கள் தோட்டத்தில் வேலை செய்தார். ஒரே வயசு, ஒரே பெஞ்ச்... இருந்தாலும் நான் ‘வா’ என்றால் அவள் ‘வாரேனுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

இங்கிலீஷில் எல்லாருக்கும் ‘யூ’தானே, தமிழிலும் நீன்னே சொல்லு என்று நான்தான் கெஞ்சினேன்.

முதல் தடவை சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பழகிவிட்டது.

“மிஸ்டேக்குக்கு மேக்தான் புள்ள, டூ இல்ல. நீ மண்டைல என்னத்த வெச்சிருக்கற?”

அவள் திட்டினால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் எனக்கு.

ஒரு சாயங்காலம் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, நாளைக்கு டெஸ்ட், நீ சீக்கிரம் வந்துரு என்று சத்தமாகச் சொன்னாள். அப்பா அப்போதுதான் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்.

அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

“ஏங்கண்ணு, அந்தப் புள்ள உன்னய நீன்னா கூப்புடுது?”

நான்தான் கூப்பிடச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் உள்ளே ஓடிவிட்டேன். அடுத்த நாளே அவள் அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது ப்ளஸ் ஒன். அதே பஸ். மலருக்கு வெர்ப் தப்புவதே இல்லை, எல்லாரிடமும் இங்கிலீஷில் பேசுகிறாள். நான் பக்கத்தில் போனால் மட்டும் எழுந்து நிற்கிறாள்.

“உக்காருங்க” என்கிறாள்.

இன்றைக்கு இறங்கும்போது அவள் கையைப் பிடித்தேன். நாளைக்கு அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள்.

“வேண்டாமுங்க. அம்மாவுக்கு இப்பத்தான் வேற தோட்டத்துல வேலை கெடச்சிருக்குது. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சவங்க தோட்டம்.”

சொல்வதா, சும்மா இருப்பதா... தெரியவில்லை. நான் சொல்லி அந்த வேலையும் போய்விட்டால்... இல்லை, சொல்லாமலே

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்