ஆய்த்து என்ற சொல்லுக்கு நான் எழுதிய வரி

மைசூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு எழுத்து வேலை. கதையும் இல்லை, கட்டுரையும் இல்லை. ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று, ஆளுக்குப் பதிலாக அதுவே போன் பண்ணிப் பேசும், கேட்ட பதிலுக்குத் தக்கபடி காரியம் செய்யும். அது செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் டூல் என்று பெயர். எந்த டூலை எப்போது எடுக்க வேண்டும், எப்போது தொடவே கூடாது என்று அதற்கு எழுதிக் கொடுப்பவள் நான். நான் எழுதியதை நம்பித்தான் அது நடக்கும். என்னைப் போலச் சுருக்கமாக எழுத ஆபீசில் ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர் வேறு.

போன மழைக்காலத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டரின் வேலை வந்தது. நோயாளிகளுக்கு முதல் நாளே போன் போட்டு, நாளைக்கு வருவீர்களா என்று ஏஜென்ட் கேட்க வேண்டும். இரண்டே டூல். ஒன்று, வருகிறார் என்று பதிவு செய்யும். மற்றது, வேறெங்கோ போய் டயாலிசிஸ் முடித்துவிட்டவர்களுக்கு. 'முடிந்தது' என்று குறித்து, அவர் இடத்தை இன்னொருவருக்கு விட்டுவிடும். இரண்டாவதற்கு நான் எழுதினேன்: நோயாளி 'ஆச்சு', 'முடிஞ்சுது', 'ஆய்த்து' என்று சொன்னால் இதை எடுக்கவும்.

ஆய்த்து கன்னடச் சொல். நம் ஆச்சுதான். ஆனால் இந்த ஊரில் 'சரி, அப்படியே செய்கிறேன்' என்பதற்கும் ஆய்த்துதான். ஆட்டோக்காரரிடம், கேஸ் கொண்டு வருகிறவரிடம், மேனேஜரிடம் என்று நானே நாள் முழுக்கச் சொல்வேன். எழுத உட்கார்ந்தபோது மட்டும் என் தமிழ் மண்டைக்கு ஆச்சு ஒன்றுதான் தெரிந்தது. எரிச்சலாக இருக்கிறது, இப்போது நினைத்தாலும்.

அந்த சென்டரில் பல வருடம் இந்தப் போன்களைப் பேசிய நர்ஸ் அக்கா ஒருவர், நாங்கள் எழுதுவதைச் சரிபார்க்க வந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். சாப்பாட்டு நேரத்தில் என் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏய், ஆய்த்துன்னு ஏன் இங்க போட்டே? அவங்க வரேன்னு சொல்றதே அப்டித்தான்மா. நான் அப்பவெல்லாம் விடமாட்டேன், 'பர்த்தீரா, வருவீங்களா?'ன்னு திருப்பிக் கேப்பேன். வரேன்னு வாயால சொன்னாத்தான் போன வெப்பேன். அதையும் எழுது."

"அக்கா, ஏஜென்டுக்கு உங்களை விட நல்லாவே கன்னடம் தெரியும். எல்லாத்தையும் எழுதினா வளவளன்னு ஆயிடும்."

"சும்னே பேசாதே. தெரிஞ்சா போதுமா? நீ சொல்றத தானே அது கேக்கும்."

நான் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

முதல் வாரமே நாலு பேர் இடம் பறிபோனது. மூன்று பேர் மைசூர்க்காரர்கள், சாயங்காலத்தில் எப்படியோ சேர்த்துவிட்டார்கள். நாலாமவர் கொள்ளேகாலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். உங்கள் பெயரே இல்லையே, நாளைக்கு வாருங்கள் என்றிருக்கிறார்கள். அவர் சண்டை போடவில்லை. திரும்பிப் போய்விட்டார். மறுநாள் விடிவதற்குள் மூச்சு முட்டி, வண்டி வருவதற்கு முன்பே இறந்துபோனார்.

அவர் பேசிய பதிவை ஆபீசில் போட்டுக் கேட்டோம். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வருவீர்களா என்று ஏஜென்ட் கன்னடத்தில் கேட்கிறது. "ஆய்த்து, ஆய்த்து" என்கிறார் அவர். எவ்வளவு மரியாதையான குரல்! ஏஜென்ட் 'முடிந்தது' என்று குறித்து அவர் இடத்தை விட்டுவிட்டது. வரியைத் திருத்த எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்றார் மேனேஜர். சறுக்கியது நான், செத்தது அவர்.

பத்து நாள் கழித்து அவருடைய மகள் அப்பாவின் ஃபைலை வாங்க சென்டருக்கு வந்தாள். தமிழ் பேசுகிறவள் என்பதால் என்னைப் போகச் சொன்னார்கள். டெக்னிக்கல் பிரச்சினை என்று மட்டும் சொல், அதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். என் வயதுதான் இருக்கும். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, எங்கப்பா போன்ல என்னதானுங்க சொன்னாரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆய்த்துன்னு சொன்னாருங்க."

"வர்றேன்னுதானுங்க சொல்லியிருக்காரு? அந்த மிசினுக்குக் கன்னடம் வராதுங்களா?"

"நல்லா வருமுங்க. ஆய்த்துன்னா முடிஞ்சுதுன்னு எடுத்துக்கச் சொல்லி நான் எழுதி வெச்சிருந்தேன். அதைத்தான் கேட்டுச்சு."

அவள் கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க பேச்சு எங்க பக்கத்துப் பேச்சாட்டம் இருக்குதுங்களே. எந்த ஊருங்க?"

"கொள்ளேகாலுக்குப் பக்கத்துல ராமாபுரமுங்க."

"ராமாபுரமா?" என்றாள். "வெளியூருக்காரங்க யாரோ தெரியாம எழுதிப்போட்டாங்கன்னுல்ல நெனச்சிட்டு வந்தேன்."