பழைய வண்டி, புது வண்டி

கறுத்துக் கனிந்த வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெயையும் ஒரே டப்பாவில் போட்டு வெயிலில் வைத்தால் என்ன வாடை வருமோ, அந்த வாடைதான் அந்தப் பசைக்கு. சின்னக் கண்ணாடிக் குப்பியில், மூடியோடு சேர்ந்த தூரிகையுடன் வரும். திறந்த மாத்திரத்தில் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். "இத்த வூட்டுக்குள்ள கொண்டாந்தா அடுப்புல போட்டுருவன்" என்று அவள் ஒருமுறை கத்தியதோடு, என் அண்ணனின் பட்டறை கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே எங்கள் கரும்புக் கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கேதான் அண்ணன் குமரனும் அவன் சிநேகிதன் தணிகாசலமும் ராணுவ வண்டிகள் கட்டினார்கள். பீரங்கி வண்டி, கவச வண்டி, கூண்டு லாரி என்று எல்லாமே ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக்கில். பெட்டிக்குள் பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைக் "கொடி" என்போம். கொடியிலிருந்து பாகத்தை நறுக்கி, தழும்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது என் வேலை. அண்ணனுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கடைசிவரை மறைத்து வைத்து வாசகரைக் கலங்கடிக்கும் வேலை எனக்குப் பிடிக்காது: அண்ணன் செத்துப்போனான். நிஜமான கவச வண்டி ஒன்றுக்குள், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டை ஊரில் "சொல்தா வூடு" என்பார்கள், சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்று வந்தவர். வந்த பிறகு நெல்லும் கரும்பும் அல்லாமல் வேறு எதைப் பற்றியும் பேச மாட்டார். பிரான்சில் இருந்த சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் சாக்லெட், செண்ட், கூடவே அண்ணனுக்கு இந்த வண்டிப் பெட்டிகளும் இருக்கும். பெயிண்ட், டர்பண்டைன், உப்புத்தாள் எல்லாம் தணிகாசலத்தின் பொறுப்பு. வில்லியனூரில் அவர்கள் குடும்பம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்துவிடுவான். இவ்வளவு தூரம் மிதித்து வருகிறவனுக்கு ஒரு வாய் சோறு போடாமல் அனுப்பக் கூடாது என்று அம்மா அவனுக்கும் சேர்த்தே ஆக்குவாள்.

மோட்டார் ஓடும்போது அந்தக் கொட்டாயில் ஒன்றும் செய்ய முடியாது. பலகை அதிரும், கடுகளவு பாகங்கள் எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து கீழே விழும். ஆகவே ஊரே கரண்டு எப்போது வரும் என்று காத்திருக்க, இவர்கள் இரண்டு பேரும் எப்போது போகும் என்று காத்திருப்பார்கள். மூன்று முனைக் கரண்டு நின்று மோட்டார் அடங்கியதும் "ஆங், ஆரம்பிடா" என்று ஒரு குரல் வரும். தண்ணீர் பாயாத நேரத்தில்தான் எங்கள் வீட்டில் போர் வண்டிகள் உருவாயின என்று அப்பாவே ஒருமுறை கிண்டலாகச் சொல்லியிருக்கிறார்.

இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. மாடல் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இரண்டு கட்சி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அது இவர்கள் இரண்டு பேருடைய வீம்பு என்றே நினைத்திருந்தேன். தணிகாசலம் பழைய வண்டிக்காரன். அந்தக் காலத்து உலகப் போர் வண்டிகள், அதிலும் ஆணி ஆணியாகத் தெரிகிற தகடு வைத்தவை, அவனுக்கு உயிர். மோட்டார் குழாயிலிருந்து துருவைச் சுரண்டி எடுத்து டர்பண்டைனில் குழைத்துப் பூசுவான். உமிக்கரியை விரலால் தேய்த்துப் புகை பிடித்த மாதிரி ஆக்குவான். செங்கல் தூள், கொல்லை மண், சிமெண்டுத் தூசி என்று எதையும் விட மாட்டான். புதுப் பளபளப்போடு ஒரு வண்டி அவன் கையை விட்டுப் போனதே இல்லை. அடிவாங்கியதாக, எரிந்ததாக, பள்ளத்தில் கவிழ்ந்ததாகத்தான் போகும்.

அண்ணனுக்கு அதெல்லாம் ஆகாது. இன்றைக்கு ஓடுகிற வண்டிதான் வேண்டும். எட்டு சக்கரம், ஆறு சக்கரம், ஆணியே தெரியாத சாய்வுத் தகடுகள், மேலே ஆன்டெனா, மணல் நிறத்தில் ஒரே சீரான வர்ணம்.

"பழசு செத்துப்போச்சுடா. இது இப்ப, இந்த நிமிசம் எங்கியோ ஓடிக்கினு இருக்குது" என்பான்.

"ஓடிக்கினு இருக்கறதனாலதான் புடிக்கல. தப்பாக் கட்டினா எவனாவது வந்து, இந்த போல்ட்டு இங்க இல்லம்பான். பழசுல கேக்க ஆளு இல்ல, நம்ம இஷ்டம்" என்பான் தணிகாசலம்.

நான் யார் கட்சி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பழைய வண்டிதான் என்றிருப்பேன், அதில் தேய்க்க வேலை குறைச்சல். இன்றைக்கு யோசித்தால் வேறு விதமாகத் தோன்றுகிறது. முடிந்துபோன போர் என்றால் துருவும் அழகு, புகையும் அழகு. கவிழ்ந்த வண்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து 'ஆகா' என்று சொல்ல முடிகிறது. அதற்குள் இருந்தவனைப் பற்றிக் கேட்க இப்போது யாரும் உயிரோடு இல்லை. அந்த வசதி புது வண்டியில் கிடையாது.

அப்பாவுக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது. ஒருநாள் மோட்டார் போட வந்தவர், பலகைமேல் அண்ணன் பாதி கட்டி வைத்திருந்த ஆறு சக்கர வண்டியைப் பார்த்து நின்றார். சித்தப்பா அந்த வருஷம் கொண்டுவந்தது. கையில் எடுக்கவில்லை.

"பழசு எத்தினி வேணா கட்டு. அதுல இருந்தவன்லாம் எறங்கி வூட்டுக்குப் போய்ட்டான், இல்ல செத்துட்டான். இதுல இன்னும் ஆளு ஒக்காந்துனு இருக்கான்டா."

"அதுக்குத்தாம்பா எனக்கு இது புடிக்குது" என்றான் அண்ணன். அப்பா ஸ்விட்சைப் போட்டார். பலகை அதிர்ந்தது, நான் ஓடிப்போய்ப் பாகங்களைப் பிடித்தேன்.

எங்கள் மாதிரி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் பையன் பிரான்சுக்குப் போவானா என்று யாரும் கேட்பதில்லை, எப்போது போவான் என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், சாவு வீட்டிலும் கேட்பார்கள். அம்மா மட்டும் தலைகீழாக நின்றாள். இருப்பது ஒரே ஆண்பிள்ளை, நிலம் கிடக்கிறது, கரும்பு இருக்கிறது, அவன் எதற்கு அங்கே போய்ச் சாக வேண்டும் என்று அந்த வார்த்தையையே சொல்லிச் சண்டை போட்டாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கி, "அப்பா போய்ட்டு வரலியா?" என்று சிரித்தான். அப்பா தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அந்த மௌனத்தை அம்மா மன்னிக்கவே இல்லை. பதினெட்டு முடிந்த சூட்டோடு அவன் கிளம்பினான். ஆறு சக்கர வண்டி பாதியில் நின்றது. தணிகாசலத்திடம், "நான் வந்துதான் முடிப்பன், நீ துரு கிரு அடிச்சி வக்காத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அங்கே போய் அதே ஆறு சக்கரக் கவச வண்டிக்கு ஓட்டுநர் ஆனான். போனில் அதைப் பீற்றிக்கொள்வான். பிறகு ஒருநாள் சித்தப்பாவிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. பாதையில் புதைத்திருந்த கண்ணிவெடி வெடித்துவிட்டது. அப்பா நெடுநேரம் பிரெஞ்சிலேயே பேசினார். எங்களுக்குப் புரியக் கூடாது என்றுதான் அப்படிப் பேசினார் என்று நினைக்கிறேன்.

பெட்டி வந்தது. மேலே பிரெஞ்சுக் கொடி போர்த்தி, டவுனில் இருக்கிற தூதரகத்திலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் கூட வந்தார்கள். உள்ளே தகடு வைத்துப் பற்றவைத்து மூடிய பெட்டி. எங்கள் பக்கம் எரிப்பதுதான் வழக்கம், அந்தப் பெட்டியை எரிக்க முடியாது என்று புதைத்தார்கள். அம்மா பெட்டியை அறைந்து அறைந்து, "தொறங்கடா, ஒரு தபா மொகத்தக் காட்டுங்கடா" என்று கதறினாள். அப்பா குறுக்கே வந்து நின்று, "வாணாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வருஷம் முழுக்க அவள் வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டது ஒன்றுதான்: எப்படிப் போனான்? துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கஷ்டப்படாமல் போய்விட்டான், தூங்குகிற மாதிரிப் போய்விட்டான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் தெரிந்த ஒரே ஆள் அப்பா, அவர் வாயைத் திறக்கவில்லை. "நான் பெத்தவ. எனக்கு மட்டும் சொல்ல மாட்டங்கறாங்க" என்று பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வாள்.

வருஷம் திரும்பியது. படையல் போட்டோம். அண்ணனுக்குப் பிடித்த இறால் தொக்கு, வடை, புதுத் துணி. சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது தணிகாசலம் வந்தான். கையில் ஒரு சட்டை டப்பா. படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, அதைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அண்ணன் பாதியில் விட்ட ஆறு சக்கர வண்டி. தணிகாசலம் முடித்திருந்தான், தனக்குத் தெரிந்த விதத்தில். இடது முன்சக்கரம் இல்லை. அந்தப் பக்கத்துத் தகடு உள்வாங்கி மடிந்திருந்தது. முகப்பு முழுக்கக் கரி. அண்ணன் செத்த வண்டியை யாரோ எடுத்துச் செல்போனில் சுற்றிவந்த ஒரு மங்கலான படத்தை வைத்துக்கொண்டு கட்டியிருக்கிறான். இப்படி ஒரு காரியத்தை மாடல் கட்டுகிறவன் அல்லாமல் வேறு எவனும் செய்ய மாட்டான். அவர்களுக்கு மரியாதை என்றால் உள்ளதை உள்ளபடி செய்வது, ஒரு போல்ட்டுகூடப் பிசகாமல் செய்வது. அவன் அண்ணனுக்குச் செய்த மரியாதை அது. அதைத் தாய் முன்னால் வைக்கக் கூடாது என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க, படையல் அன்னிக்கு?" என்று மாமா எழுந்தார். அப்பா அவருக்கும் முன்னால் எழுந்துவிட்டார். "எடுத்துனு போடா வெளிய!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தணிகாசலம் வண்டியைத் தூக்கினான்.

"கீழ வையி" என்றாள் அம்மா.

அவன் வைத்தான். அம்மா அதன் எதிரே உட்கார்ந்தாள்.

"இதுலதான் போனானா?"

"ஆமாம்மா."

"எங்க ஒக்காந்திருந்தான்?"

தணிகாசலம் அப்பாவைப் பார்த்தான். "சொல்லாத" என்றார் அப்பா.

"நீ சொல்லு, தணிகாசலம்."

அவன் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினான். "இங்கம்மா. முன்னால, எடது பக்கம். டிரைவர் சீட்டு."

"இத்தினூண்டு எடத்துலயா? அவன் காலு நீளமாச்சே, எங்க வச்சிருந்தான்?"

"நீட்டித்தாம்மா ஒக்காரணும். சாஞ்சாப்ல."

"ஏறி எறங்க வழி?"

"மேல மூடி இருக்குது பாருங்க. அத்தத் தெறந்துதான்."

"வெடிச்சப்ப அது தெறந்துச்சா?"

தணிகாசலம் விரலை எடுத்துக்கொண்டான். அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெறக்க வரல. கூட இருந்தவங்க எறங்கிட்டாங்க. வெளிய இருந்து தட்டிக்கினே இருந்தாங்களாம். இவனும் உள்ளருந்து தட்டினானாம், கொஞ்ச நேரம். அப்பறம் தட்டல."

அம்மா அழவில்லை. "இத்த சொல்ல ஒனக்கு ஒரு வருசமா?" என்று மட்டும் கேட்டாள். அப்பாதான் அழுதார், எல்லோர் முன்னிலையிலும், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு. அவள் எழுந்துபோய் இலை போட்டு, தணிகாசலத்தை உட்காரச் சொல்லி, அவனுக்கும் அப்பாவுக்கும் சோறு பரிமாறினாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அம்மா அடுப்படியில் அந்த வண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வெங்காயம் அரிகிற கத்தி. பசையில் உருகிப் பிடித்திருந்த அந்தச் சின்ன மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள். பட்டென்று பெயர்ந்து எங்கேயோ தெறித்தது. அவள் தேடவில்லை, நானும் தேடவில்லை.

இப்போது அப்பா இல்லை. கரும்புக் கொல்லையை மனை போட்டு விற்றாயிற்று, மோட்டார் கொட்டாய் இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். தணிகாசலம் கடையை டைல்ஸ் கடையாக மாற்றிவிட்டான், அந்தப் படையலுக்குப் பிறகு அவன் ஒரு வண்டியும் கட்டவில்லை. மற்ற மாடல்கள் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூட்டில் வளைந்து, எலி கடித்து, குப்பைக்குப் போயின. அம்மா என்னோடு வில்லியனூரில் இருக்கிறாள். அந்த ஒரு வண்டி மட்டும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

போன மாதம், திருவாண்டார்கோயில் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் மாடல் கட்டுகிறவராம், எனக்குத் தெரியாது. புது வண்டிகள்தான் பிடிக்கும் என்றார். அலமாரியில் இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரி பூசியிருக்கிற நேர்த்தியை மெச்சினார். யார் கட்டியது என்று கேட்டார், எங்கள் அண்ணனும் அவர் சிநேகிதரும் என்றேன். பிறகு அவர் விரல் அந்த ஓட்டையில் நின்றது.

"டிரைவர் மூடி மட்டும் காணோம் மேடம். ஒண்ணும் கவலப்படாதீங்க, எங்கிட்ட த்ரீ-டி பிரிண்டர் இருக்கு. அளவெடுத்து அடிச்சி, இதே கலர்ல பூசி ஒட்டிக் குடுத்துடறேன். வித்தியாசமே தெரியாது."

நான் வண்டியைத் திருப்பி வாங்கக் கை நீட்டும்போது உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அத்த மூட வாணாம்னு சொல்லுடி."