டியூப் இல்லாத சக்கரம்

இது கட்டுக்கதை இல்லை. என் வீட்டில், என் மகளுக்கு நடந்தது. சந்தேகப்படுபவர்கள் ப்ளாசெட்டாஸ் பக்கம் வந்தால், கரும்புக்காட்டுச் சாலையில் என் பைக்கின் ரிம் கிழித்துவிட்டுப் போன கோட்டைக் காட்டுகிறேன். இன்னும் அழியவில்லை. இருட்டு, நடுநிசி என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். உச்சி வெயில். மணி பன்னிரண்டே கால்.

எங்கள் கியூபாவில் பெட்ரோல் வரிசையில் நின்று சாவதைவிட எலக்ட்ரிக் பைக் எவ்வளவோ மேல். ஆனால் என் பைக்கின் பின்சக்கரம் வாரம் தவறாமல் பஞ்சராகி உயிரை வாங்கியது. டியூபில் ஒட்டு போட இடமே மிச்சமில்லை. மெக்கானிக் எலியேசர் தன் சொந்த பைக்கிலிருந்து கழற்றிய சக்கரம் ஒன்றை வீட்டில் வைத்திருந்தார். மோட்டாரோடு சேர்ந்தது, டியூப்லெஸ் டயர். ஒரு பன்றிக்குட்டியும் என் பழைய சக்கரமும் கொடுத்தால் போதும் என்றார்.

"டியூபே கிடையாது தம்பி. ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல வெறும் காத்துதான். ஆணி ஏறினாலும் மெதுவாத்தான் இறங்கும்."

"நம்ம ரோட்டுக்குத் தாங்குமா அண்ணே?"

"தாங்கும். நீயா காத்தை இறக்கிடாதே, அவ்வளவுதான். டயர் ரிம்மை விட்டு விலகிடும். திரும்ப உட்கார வைக்கக் கம்ப்ரசர் வேணும். கரண்டுக்கு எங்க போவே?"

நியாயமான பேச்சு. எங்கள் ஊரில் மின்சாரம் போவது செய்தி இல்லை, வந்தால்தான் செய்தி.

"ராத்திரி வண்டியை எங்க வைப்பே?" என்று கேட்டார்.

"வீட்டுக்குள்ளதான். பொண்ணு கட்டில் பக்கத்துல. வெளியே விட்டா காலையில பூட்டு மட்டும்தான் மிஞ்சும்."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஆறு."

"நல்லது" என்றார். என்ன நல்லது என்று நான் கேட்கவில்லை. சக்கரம் கிடைத்த சந்தோஷத்தில் பல்லை இளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாட்டிய அன்று காற்றின் அளவு முப்பது காட்டியது. இரண்டு வாரம் கழித்து முப்பத்தைந்து. நான் காற்றே அடிக்கவில்லை. வெயிலுக்கு விரிகிறது போல என்று விட்டுவிட்டேன். ஒரு மழைநாள் விடியற்காலையில் அளந்து பார்த்தேன். நாற்பது.

மகள் லியானெட்டுக்கு இருமல் தொடங்கியதும் அப்போதுதான். ஜலதோஷம்கூட அண்டாத பிள்ளை. என் மனைவி யோர்தான்கா வெங்காயத்தைத் தேனில் ஊறவைத்து மூன்று வேளையும் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு விடும்போது விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் லியானெட் படுத்தபடியே சொன்னாள்.

"அப்பா, சக்கரம் மூச்சு விடுது."

"விடுதா?"

"இல்லப்பா... இழுக்குது. விடவே மாட்டேங்குது."

காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் ஆனது. அன்று காலையிலிருந்தே அவளுக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்து மருத்துவ நிலையத்தில் மூச்சுக்கு மருந்துப்புகை பிடிக்கும் மெஷின் உண்டு, கரண்டு இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீட்டர். படுக்கை விரிப்பால் அவளை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சாலையில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு. ஒரு தோகைகூட அசையவில்லை.

பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு சத்தம். ம்ம்ம்... என்று. மோட்டார் சத்தம் எனக்குத் தெரியும். இது வேறு.

நிறுத்தி இறங்கினேன். டயர் விம்மிப் போயிருந்தது. அதன் பக்கவாட்டில் இருந்த எழுத்துகள் இழுபட்டு அகன்றிருந்தன. தொட்டேன். கல்.

வெடித்தால் பிள்ளை மேல் படும். வால்வை நகத்தால் அழுத்தினேன்.

ஸ்ஸ்ஸ்...

ஜில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. அதில் ஒரு வாசனை. வெங்காயம்... தேன்...

என் மகளின் வாய் வாசனை.

நெஞ்சில் கிடந்த லியானெட் மூச்சை இழுத்தாள். ஆழமாக.

விரலை எடுத்தேன். அவள் மூச்சு நின்றது.

அழுத்தினேன். ஸ்ஸ்... வந்தது.

எடுத்தேன்.

நின்றது.

உதடு நீலம்.

வால்வு பின்னைத் திருகிப் பிடுங்கிக் கரும்புக்குள் எறிந்தேன். காற்று பீறிட்டது. டொப் என்று டயர் ரிம்மை விட்டு விலகியது. எல்லாம் அடங்கிய பிறகு உள்ளிருந்து ஒரு இருமல். சின்னக் குழந்தையின் இருமல்.

லியானெட்டுடையது இல்லை.

"அப்பா, தண்ணி" என்றாள் அவள்.

மீதி தூரம் வெறும் ரிம்மில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? நெஞ்சு சுத்தமா இருக்கே."

அன்று சாயங்காலம் இடுப்பில் ஸ்பானரைச் செருகிக்கொண்டு எலியேசர் வீட்டுக்குப் போனேன். அந்த ஆளின் முட்டியைப் பெயர்க்காமல் திரும்புவதில்லை என்று இருந்தேன்.

வாசலில் வரிசையாக நாற்காலிகள். ஆட்கள். அவருக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் காரிதாத் என் கையில் காபியைத் திணித்தாள்.

"யாரு செத்தது?" என்றேன்.

"அவரோட பொண்ணுதான். எட்டு வயசு. வருஷம் பூரா மூச்சுத் திணறல்ல கிடந்துச்சு. பன்னிக்குட்டி வந்துச்சே, அந்த வாரத்துல இருந்து ஒரு இருமல் இல்ல. இன்னிக்குக் கயிறு தாண்டிக்கிட்டே இருந்துச்சு... அப்படியே உட்கார்ந்துடுச்சு."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டே கால் இருக்கும்."

எலியேசர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ஸ்பானரையும் பார்த்தார். அடிக்க எனக்குக் கை எழவில்லை. மன்னிக்க மனசும் வரவில்லை.

"உன் பொண்ணு?" என்றார்.

"நல்லா மூச்சு விடுறா."

"உன் பொண்ணு மூச்சுல என் பொண்ணும் ரெண்டு மாசம் நல்லா விட்டா" என்று சொல்லிவிட்டு, சவப்பெட்டி இருந்த அறைக்குள் போனார்.