தமாசுக்குக் கேட்ட கார்

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சரவணம்பட்டி வீட்டில் மூன்றாவது இட்லியைப் பிய்த்தபோது மகளிர் காவல் நிலையத்திலிருந்து போன். கிணத்துக்கடவில் இருக்கும் என் அண்ணன் வீட்டு மருமகள் வரதட்சணைப் புகார் கொடுத்திருக்கிறாராம். அதில் என் பெயரும் இருக்கிறதாம். பதினோரு மணிக்கு விசாரணையாம்!

ஊரையே சிரிக்க வைக்கிற ஆள் நான். அவசரத்தில் சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டேன். ஒரு பையில் பல் பிரஷ், சர்க்கரை மாத்திரை, இரண்டு லுங்கி, ஒரு போர்வை.

"ஏனுங்க, போறது ஜெயிலுக்கா, ஊட்டிக்கா?" என்றாள் மனைவி.

"பொய்க் கேசு அம்மணி! நான் ஒண்ணுமே கேக்கலீயே!"

பஸ்ஸிலும் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா பையைப் பார்த்தார். "இதுல என்னங்க?"

"போர்வைங்க மேடம். உள்ள குளிருமின்னு..."

ஸ்டேஷனே சிரித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

உப்புச் சர்க்கரை மாற்றி அவளை நிச்சயம் செய்த அன்று பெண் வீட்டார் சீர் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். "எல்லாஞ் சரிங்க, வாசல்தான் காலியாக் கெடக்குது. ஒரு கார் நின்னா அம்சமா இருக்குமுங்க" என்று நான் சொன்னது உண்மையா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். உண்மைதான். அன்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அது தமாசுங்க மேடம்!" என்று கும்பிட்டேன்.

அப்போது மருமகள் வாய் திறந்தாள். "சின்ன மாமா எதுவும் கேக்கலீங்க மேடம். எங்கப்பா கோவத்துல அவரு பேரையும் எழுதிப்போட்டாருங்க, எடுத்துருங்க. செய்யாதவங்க மேல பழி போட வேண்டாமுங்க."

எனக்குப் போன உயிர் வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா மாமா, அந்தக் காரைத்தான் அத்தையும் உங்க அண்ணன் பையனும் தினமும் கேட்டாங்க. வரலீன்னு போன வாரம் என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திப்போட்டாங்க. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்ப எங்கப்பா சிரிக்கலீங்க. நீங்க பாக்கலீங்களா?"

நான் பார்க்கவில்லை. பொங்கலன்று அண்ணி என் எதிரிலேயே அவளிடம், "கார் எப்ப வருது?" என்று கேட்டதும், அதற்கும் நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அதை அப்படியே எழுதிச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். பொத்தான் மாறிய சட்டையோடுதான்.

அண்ணன் வீட்டில் இன்றுவரை என்னோடு பேச்சில்லை. விசேஷங்களில் வாய் இப்போதும் துறுதுறுக்கிறது. ஆனால் பெண்ணைப் பெற்றவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு தமாசும் வெளியே வருவதில்லை.