அளவக்காவின் முழங்கால்

பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இடது காலைக் காபிச் செடியின் தண்டோடு ஒட்டி வைக்கிறார். கையில் சுண்ணாம்பு டப்பா. இரண்டு விரலை அதில் முக்கியெடுத்து, தன் முழங்கால் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு வளையம் போடுகிறார். போட்டதும் ஒரு சிரிப்பு. “இவரு முடிஞ்சாரு. அடுத்தவரு வாங்க!” அடுத்தவர் வரமாட்டார், செடியாயிற்றே. இவர்தான் தாவிக்குதித்துப் போகிறார். பின்னால் ரம்பத்தோடு இரண்டு பேர் வருகிறார்கள். வெள்ளை வளையம் எங்கேயோ அங்கே சாய்வாக அறுக்கிறார்கள். வயதான செடி ஒன்று சடசடவென்று சரிகிறது. சாய்வாக அறுப்பது மழைத்தண்ணீர் கட்டையில் தேங்காமல் வழிவதற்காக.

இந்தச் சரிவில் இவருக்கு அளவக்கா என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவர். உயரம் கம்மி, வாய் ஜாஸ்தி. பாவாடைக்கு மேல் கணவரின் பழைய சட்டை. சட்டைப் பையில் எப்போதும் அவரை விதை இருக்கும். செடி விழுந்து வெளிச்சம் வந்த இடத்தில் எல்லாம் ஒரு விதையைப் போட்டுக் காலால் மண்ணைத் தள்ளிவிட்டுப் போவார். காபி குடிக்கமாட்டார். “குடிச்சா தூக்கம் வராதுங்க. விக்கிறதோட சரி.”

எனக்கும் காபிச் செடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கீழே பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு விடுமுறையான நாளில் பொழுது போகாமல் இந்த மேட்டில் ஏறப்போய், இப்போது போகாமல் இருக்க முடியவில்லை. ஆகவே விஷயத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். செடி கிழடாகிவிட்டால் பழம் பேருக்குத்தான் பழுக்கும். வேரோடு பிடுங்கினால் மண் சரியும். முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். ஆனால் பழத்தைப் பார்க்க இரண்டு வருடம் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே? அதற்காகத்தான் நகரத்து ஃபண்டு ஒன்று கடன் தருகிறது. இரண்டு வருடம் தவணை கேட்காது. தோட்டத்தை மூன்று பங்காக்கி ஒவ்வொரு பங்காக வெட்ட வேண்டும், பங்குக்குப் பங்கு பணம் வரும். நிழல் மரமும் நட வேண்டும். எல்லாம் சரி, ஒரே ஒரு கொக்கிதான். தனி ஆளுக்குக் கிடையாது. ஒரே சரிவில் பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். ஒருவர் கழன்றுகொண்டால் ஒன்பது பேருக்கும் பணம் நின்றுவிடும்.

முழங்கால் விவகாரம் இப்படித்தான் ஆரம்பித்தது. ஃபண்டிலிருந்து வந்த பையன் நல்ல நெட்டை. அளவக்கா அவனை நெட்டைத்தம்பி என்றே கூப்பிடுவார். “முழங்கால் உயரத்துல வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பத்துப் பேரும் ஆளுக்கொரு செடியைத் தத்தம் முழங்காலில் வெட்டிப் பார்த்தார்கள். அவன் திரும்பி வந்து பார்த்தபோது ஒரு கட்டை ஸ்டூல் மாதிரி இருந்தது, ஒரு கட்டை மேஜை மாதிரி இருந்தது. நாடாவை எடுத்து எல்லோர் காலையும் அளந்தான். சரியான உயரத்தில் இருந்தது ஒரே ஒரு முழங்கால். “இனிமே எல்லாரும் அக்கா முழங்காலைப் பார்த்து வெட்டுங்க!” என்று அவன் விளையாட்டுக்குச் சொன்னதை இவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள்.

அளவக்காவுக்கு முழங்காலில் கூச்சம் அதிகம். ரம்பக்காரர்களில் ஒருவர் ஒருநாள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவரே கோடு போடப் போய், விரல் அக்காவின் காலில் பட்டுவிட்டது. அக்கா துள்ளிய துள்ளலில் சுண்ணாம்பு டப்பா அவர் தலையில் கவிழ்ந்தது. அன்றிலிருந்து கோடு போடும் உரிமை அக்கா ஒருவருக்கே.

எனக்கு அவர் அறிமுகமானதும் அந்த முழங்காலால்தான். படியில் வழுக்கி விழுந்து கால் வீங்கிப்போய், ஐந்து பேர் கைத்தாங்கலாக என் கடைக்குக் கூட்டிவந்தார்கள். கல்யாணப் பெண்ணைக் கூட்டிவருகிற பதற்றம் ஐந்து முகத்திலும். “டாக்டரே, வீக்கம் சீக்கிரம் வத்தணும். நாளைக்கு வெட்டு இருக்கு!” என்றார் அளவக்கா. நான் டாக்டர் இல்லை என்று நூறு முறை சொல்லியாயிற்று, காதில் போட்டுக்கொள்வதில்லை. வீங்கினால் அளவு ஏறுமா ஏறாதா என்று என் கடை வாசலிலேயே ஐந்து பேருக்கும் வாக்குவாதம். உயரம் மாறாது, சுற்றளவுதான் மாறும் என்று நான் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தைலத்துக்கே காசு எடுத்தார்கள்.

“அந்த அளவுக்கு ஒரு குச்சி வெட்டி வெச்சுக்கலாமே?” என்று கேட்டேன்.

“குச்சியைத் தூக்கிப் போட்டுடுவாங்க டாக்டரே. என் காலைத் தூக்கிப் போட முடியுமா?”

நியாயம்தான். அதைவிடப் பெரிய நியாயம் ஒன்றை மேலே போய்ப் பார்த்தேன். முப்பது வருடம் சோறு போட்ட செடியில் ரம்பத்தை வைக்க யாருக்கும் கை வராது. பெரிய மீசை வைத்த ஆட்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் இந்தக் குள்ள மனுஷி பாவாடையைச் செருகிக்கொண்டு, “என்ன, தலைமுடிதானே வெட்டறோம்? வளரும் போங்க!” என்று சிரித்தபடி பக்கத்தில் வந்து நின்றால் அழுகிறவரும் சிரித்துவிடுகிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆனால் அந்தக் குஷியே ஒருநாள் காலை வாரிவிட்டது.

இந்தச் சரிவில் மொத்தம் பதினோரு தோட்டம். பதினோராவது நாத்தனாருடையது. அளவக்காவின் கணவருக்கு அக்கா, நல்ல உயரம், பேச்சு அளந்துதான் வரும். “கடன் வாங்கிச் செடியை வெட்டறதா? நல்லாருக்கே கதை!” என்று குழுவில் சேரவில்லை. அதற்காக இரண்டு பேருக்கும் மனக்கசப்பு எதுவும் கிடையாது. சந்தைக்கு ஒரே குடையில்தான் போவார்கள். குடை நாத்தனார் உயரத்தில் இருக்கும், மழை அளவக்கா மேல் இருக்கும்.

முதல் பங்கு வெட்டிய அன்று அளவக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ரம்பக்காரர்களுக்கு ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டே வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டு போனார். எல்லைக்கல் புல்லில் மறைந்து கிடந்தது. கதை சுவாரசியத்தில் ரம்பங்களும் பின்னாலேயே போயின. நாத்தனார், பாவம், இவர்களெல்லாம் களைத்திருப்பார்களே என்று பெரிய கெட்டில் நிறைய டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் பார்த்தது, தன்னுடைய பதினோரு செடிகள் வரிசையாகத் தரையில் கிடப்பதை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சொட்டு டீயும் ஊற்றவில்லை. கெட்டிலோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

“செடியை வெட்டினது தப்புதான் டாக்டரே. கால்ல விழுந்தேன், நஷ்டத்தைக் குடுக்கறேன்னு சொன்னேன், வாங்கலை. ஆனா அந்த டீயைக் குடுத்துட்டுத் திட்டியிருக்கலாம் இல்ல?” இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் வேறு பக்கம் பார்த்தார். நாத்தனார் பேசாமல் இருப்பது அவருக்குத் தாங்கவில்லை. அதை மறைக்கத் தெரிந்த முகமும் அது இல்லை.

அன்றிலிருந்து எல்லையில் ஒரு புது வேலி, இரண்டு பேருக்கும் இடையே தபால்காரர் அளவக்காவின் கணவர். நாத்தனார் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, “டேய் தம்பி, உன் பொண்டாட்டி கோழி என் பாத்தியைக் கிளறுதுன்னு சொல்லு” என்பார். அவரும் திரும்பி, “கோழி பாத்தியைக் கிளறுதாம்” என்பார். கோழிக்கே கேட்டிருக்கும்.

அளவக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. வெட்டிய கட்டைகள் துளிர்க்கத் தொடங்கியதும், வேலியோரம் நின்று கணவரிடம் கத்துவார். “ஏங்க! கட்டைக்கு ரெண்டு துளிரை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைக் கிள்ளிடணும்! கேட்டுதா?” “கேட்டுது. பக்கத்துலதானே நிக்கறேன், ஏன் கத்தற?” என்று அந்த மனிதர் காதைப் பொத்திக்கொள்வார். மறுநாள் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் பதினோரு கட்டையிலும் கட்டைக்கு இரண்டு துளிர்தான் நிற்கும். அளவக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதைக் காட்டினார். வாயெல்லாம் பல்.

இந்த வருடம் புதுத் துளிர்கள் முதல்முறையாகப் பழுத்தன. எல்லாத் தோட்டத்திலும் நன்றாகத்தான் பழுத்தன. ஆனால் அந்தப் பதினொன்று பழுத்த மாதிரி எதுவும் பழுக்கவில்லை. இலை தெரியாமல் சிவப்பு. பக்கத்திலேயே வெட்டாத கிழட்டுச் செடிகள் நாலு பழத்தோடு அசடு வழிய நின்றன. நாத்தனார் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தனியாகப் பறித்தார். வேலி இடுக்கு வழியாக ஒரு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ.

இரண்டாவது பங்கை வெட்டும் நேரம் வந்தபோது இடி விழுந்தது. குழுவில் ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டு மகனோடு நகரத்துக்குப் போய்விட்டார். வாங்கியவருக்குக் கடன் என்றாலே ஆகாது. மீதி ஒன்பது பேர். மாதக் கடைசிக்குள் பத்தாவது ஆள் சேராவிட்டால் பணம் நின்றுவிடும். முதல் பங்கில் வந்த பழம் வீட்டுக்கே சரியாய்ப் போயிற்று. பணம் இல்லாமல் அடுத்த பங்கை வெட்டினால் பட்டினி, வெட்டாவிட்டால் தோட்டம் கிழடாகியே சாகும். ஒன்றிரண்டு பேர் இப்போதே நிலத்துக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சரிவில் மிச்சமிருப்பது நாத்தனார் தோட்டம் மட்டும்தான்.

ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான், “பார்க்கலாம்.” அளவக்கா மட்டும் போகவில்லை. “நான் போனா வர்றவங்களும் வரமாட்டாங்க” என்று சொல்லிவிட்டார்.

கடைசி நாள் வந்தது. நானும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். அளவக்கா வீட்டு முற்றத்தில் ஒன்பது பேரும் நெட்டைத்தம்பியும் நானும் உட்கார்ந்திருந்தோம். தம்பி நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். “போனா போகுது விடுங்க, என் காலுக்கு ஓய்வு!” என்று அளவக்கா சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “போகக்கூடாதுங்க” என்றார் மெதுவாக.

அப்போதுதான் வேலிப்பக்கம் கெட்டில் தெரிந்தது. அதன் பின்னால் நாத்தனார். நேராகத் தன் தம்பியிடம், அதாவது அளவக்காவின் கணவரிடம், வந்தார்.

“டேய், உன் பொண்டாட்டியை டப்பாவோட என் தோட்டத்துக்கு வரச் சொல்லு.”

“டப்பாவோட வரணுமாம்” என்றார் கணவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அளவக்கா டப்பாவோடு வேலியைத் தாண்டியிருந்தார். நாங்களும் ஓடினோம். நெட்டைத்தம்பி வேலியில் சட்டையைக் கிழித்துக்கொண்டான்.

செழித்து நின்ற பதினோரு செடிகளைத் தாண்டி முதல் கிழட்டுச் செடியின் முன்னால் நாத்தனார் நின்றார். கெட்டிலைக் கீழே வைத்தார். அளவக்காவின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் செடியோடு ஒட்டி நிறுத்தினார். அந்த நெடிய உடம்பை மடக்கிக் குந்தி உட்கார்ந்து, விரலைச் சுண்ணாம்பில் முக்கினார். ஈர விரல் பட்டதும் அளவக்காவுக்குக் கூச்சம் தாளவில்லை. உடம்பெல்லாம் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

“ஆடாம நில்லுடி.”

கணவர் பழக்க தோஷத்தில், “ஆடாம நிக்கணுமாம்...” என்று ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

நாத்தனார் இடது கையால் அந்த முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்டைச் சுற்றி வளையம் போட்டார். போட்டு முடித்த பிறகும் பிடித்த காலை விடவில்லை.