நாற்பத்தோரு கோடுகள்

தெருவில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் அடுத்த திருப்பத்துக்குப் போயிருப்பாள் என்பது வேறு விஷயம். நாற்பத்தாறு வயதில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. சாப்பிடும்போதுகூட இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்படியில் எதையாவது திறந்துவிட்டோ மூடிவிட்டோ வருவாள். "அம்மா, நாற்காலிய நான்தான் சுத்தணும், நீங்க சுத்தக் கூடாது" என்று பல் டாக்டர் அவளிடம் கெஞ்சியதை அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வேலை பார்த்தாள். தியேட்டரில் டிக்கெட் கிழித்தாள், ஓர் ஆபீஸில் டைப் அடித்தாள், மாத்திரை கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்கினாள், கடைசியாக ஒரு வக்கீலின் முன்னறையில் உட்கார்ந்து வந்தவர்களின் பெயரை எழுதினாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை எதுவும் அவளுக்கு ஒட்டவில்லை. யாரும் அனுப்பவில்லை, அவளாகவே எழுந்து வந்துவிட்டாள்.

வக்கீலிடம் இருந்தபோது கைப்பையின் வார் அறுந்துபோனது. தைக்கலாம் என்று ஒரு தோல் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஈரத் தோலின் மேல் இரும்பு அச்சை நிறுத்தி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி இலையும் பூவுமாக எழுப்பிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட, பாதியில் எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் இவள் சுத்தியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்துவிட்டாள். திட்டுவதற்குத்தான் அவர் வாயைத் திறந்தார். அடித்த இடத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். எட்டாவது மாதம் கல்யாணம்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் கடை இப்படித்தான் நடந்தது. படம் வரைவது, தோலை நனைப்பது, படத்தின் விளிம்பில் ஓரக்கோடு வெட்டுவது, அச்சு அடிப்பது எல்லாம் பம்பரம். வாடிக்கையாளரிடம் பேசுவது, தைப்பது, கடைசிக் கோடு போடுவது அவர்.

கடைசிக் கோடு என்பது அவர் வைத்த பெயர். அச்சு வேலையெல்லாம் முடிந்தபின் இதழுக்குள்ளும் இலைக்குள்ளும் வெறும் அலங்காரத்துக்காக இழுக்கிற வெட்டுகள் அவை. அதற்கு விரல் நீளத்தில் ஒரு சுழல்கத்தி உண்டு. உச்சியில் இருக்கும் வளைவில் ஆட்காட்டி விரலை வைத்து அழுத்தி, உருண்டையான உடம்பைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் திருப்பிக்கொண்டே இழுக்க வேண்டும். ஆழமாக இறங்கி, வளைந்து, போகப்போக மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிய வேண்டும். ஓரக்கோடு கொஞ்சம் கோணினாலும் பாதகமில்லை, மேலே அச்சு விழுந்து மறைத்துவிடும். கடைசிக் கோட்டுக்கு மேல் எதுவும் விழாது. கீழே வரைந்து வைத்த படமும் கிடையாது. போட்டால் போட்டதுதான்.

பத்து நாள் அவள் அடித்த தோலை வாங்கிக்கொண்டு அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் இவள் கடைக்குள் பதினாறு நடை நடப்பாள். "முடிஞ்சுதா?" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பாள். பதில் வராது. வெளியே வரும்போது அவர் சொல்வது ஒன்றுதான்: "உன் பூவெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது. தோலைத் தலைகீழா திருப்பி வெச்சுதான் போட வேண்டியிருக்கு."

போன மாதம் ஒரு மனிதர் பை வாங்க வந்தார். அதன் மேலிருந்த பூவைத் தடவிப் பார்த்து, "அடடா, உங்க கை தனிக் கைங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். சுத்தியும் கையுமாக நின்ற இவளிடம் திரும்பி, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டம்ளரை வாங்கிக் கவிழ்த்துவிட்டு நேரே நகர மண்டபத்துக்குப் போய், கைவினைக் கண்காட்சிக்கு ஒரு படிவம் வாங்கி வந்தாள். நான்காவது விதி கொட்டை எழுத்தில் இருந்தது: தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் கைவேலையாக இருக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

"கடைசிக் கோடு?" என்று அவர் கேட்டார்.

"அதையும் நானே போடுவேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது மறுநாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முக்காலி இருக்கைக்கு ஒரு வட்டத் தோலை எடுத்து, நடுவில் ஒரு பெரிய பூவும் சுற்றிலும் கொடியுமாக மூன்று வாரம் இழைத்து முடித்தாள். அதுபோல் ஒன்றை அவளே அதுவரை செய்ததில்லை. கடைசிக் கோடுகள் விழவேண்டிய இடங்களை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்று. ஈரம் போகாமலிருக்கத் தோலை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டு, துண்டுத் தோல்களில் பழக ஆரம்பித்தாள்.

வரவே இல்லை. அவருடைய பழைய பைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி இழுத்தாள். தொடங்கும் இடம் குழியாக இறங்கும், பாதியில் கை தயங்கும், முடியும் இடத்தில் எலி கடித்த மாதிரி நிற்கும். கத்தி மழுங்கல் என்று நினைத்து, பாலிஷ் தடவிய அட்டையில் நூறு தடவை தீட்டினாள். ஈரம் அதிகம் என்று காயவிட்டாள், காய்ந்துவிட்டது என்று நனைத்தாள். எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். துண்டுத் தோல் தீர்ந்துபோக, கண்ணில் பட்டதிலெல்லாம் பழகினாள். சோப்புக் கட்டியில் இலை முளைத்தது. புருஷனின் பர்ஸில் இதழ் விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவர் செருப்பை மாட்டப் போனவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"இதுலயுமா? நாளைக்கு நான் அசந்து தூங்கினா முதுகுல போட்டுருவ போலிருக்கே!"

"உங்க முதுகு பதமா இல்ல. காஞ்சு கிடக்கு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலை இறக்கிக்கொண்டார். "இங்க பாரு. நான் போட்டுக் குடுத்துடறேன். உன் பேருலயே குடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் உள்ளுக்குள் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த எண்ணம் வந்ததற்காகவே அவர்மேல் கோபம் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். அக்கா போன் செய்தால் முக்கால் மணி நேரம். பம்பரத்தின் போனில் சார்ஜ் நிற்காது, சொருகி வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். சொருகும் இடம் மேஜைக்கு வலப்பக்கச் சுவரில், ஒயரோ முழ நீளம். வலது கையால் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அக்காவின் மருமகள் வாஷிங் மெஷினைப் பாழாக்கிய கதையை ஆதியோடந்தமாகக் கேட்டாள். எழுந்து நடக்க முடியவில்லை. சும்மா இருக்கத் தெரியாத மற்ற கை மேஜையில் எதையோ எடுத்து நோண்டிக்கொண்டே இருந்தது.

"கேக்கறியா இல்லையா?" என்றாள் அக்கா.

"கேக்கறேன், கேக்கறேன். சோப்புத் தூளை எங்க கொட்டினா?"

வியாழக்கிழமை காலை மேஜையைத் துடைக்கும்போது ஒரு துண்டுத் தோல் கையில் பட்டது. திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்பது கோடுகள். ஒவ்வொன்றும் சுத்தமாக இறங்கி, வழுக்கிக்கொண்டு வளைந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்திருந்தது. அவர்தான். அவள் இல்லாத நேரத்தில் வந்து, எப்படிப் போட வேண்டும் பார் என்று போட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் அதைத் தூக்கிப் போட்டாள். "நான் கேட்டேனா? உங்ககிட்ட நான் கேட்டேனா?"

"என்னது?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க. இத்தனை நாளா நான் மண்டைய உடைச்சிக்கறேன், நீங்க வேடிக்கை காட்டறீங்க!"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை ஒரு கோட்டுக்குள் விட்டு மெதுவாக ஓட்டினார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது நான் போட்டதில்ல."

"பின்ன பேயா போட்டுச்சு?"

"கத்தாத. பாரு. என் கோடு இந்தப் பக்கம் வளையும். இது எல்லாம் அந்தப் பக்கம் வளையுது. நான் தலைகீழா நின்னாகூட இப்படி வராது. இது இடது கைக் கோடு." துண்டை அவளிடம் நீட்டினார். "இந்த மேஜைல நேத்து யார் உக்காந்தது?"

"நான்தான். அக்காகிட்ட பேசிட்டு..." அவள் வலது கையைத் தூக்கிக் காதருகே வைத்துப் பார்த்தாள். மற்ற கையைப் பார்த்தாள்.

"சுத்திய எந்தக் கையில புடிப்ப?" என்றார் அவர்.

அவளுக்கே தெரியவில்லை. எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இடது கைதான் நீண்டு எடுத்தது. தலை வாருவது, படம் வரைவது, கல் எறிவது, ஆணி அடிப்பது எல்லாம் அந்தக் கைதான். எழுதுவது மட்டும் வலது கை. இரண்டாம் வகுப்பு டீச்சர் அவளுடைய இடது கையைக் கைக்குட்டையால் பெஞ்சோடு கட்டிப்போட்டு ஒரு வருஷம் வலது கையால் எழுதவைத்தாள். அதை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். கத்தி பார்ப்பதற்குப் பேனா மாதிரி இருந்ததால், பேனா பிடிக்கிற கையிலேயே பிடித்திருக்கிறாள். புருஷனின் கோட்டைப் பார்த்துப் பார்த்து, தனக்கு வராத பக்கமாகவே வளைத்திருக்கிறாள்.

"அதான் உன் பூவெல்லாம் எனக்கு முதுகு காட்டுது" என்றார் அவர் தனக்குத்தானே பேசுவதுபோல.

அன்று முழுவதும் இடது கையால் பழகினாள். நன்றாக வந்தது ஒன்று, கோணலாக வந்தது ஒன்று. தெரிந்து செய்யும்போது அந்தக் கைக்கும் பயம் வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் அக்காவின் வாஷிங் மெஷினை நினைத்துக்கொள்வாள், கோடு சரியாக விழும். வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் வட்டத் தோலை வெளியே எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குளுமையாக இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

முதல் கோடு போடும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். ஐந்தாவதில் மூச்சு தானாக வந்தது. தோலைத் திருப்பத் திருப்பப் பூ அவளைப் பார்த்தே நின்றது. இருபதுக்கு மேல் எண்ணவும் மறந்தாள். கால் ஆடவில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. தையல் மெஷின் ஒரு நிமிடம் ஓடும், நிற்கும். மறுபடி செருப்புச் சத்தம்.

"முடிஞ்சுதா?"

அவள் அடுத்த கோட்டை இழுத்தாள். சற்று நேரம் கழித்து, கதவில் வாயை வைத்த மாதிரி, "முடிஞ்சுதா?"

திடுக்கிட்டதில் முப்பத்தெட்டாவது கோடு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓர் அரிசி நீளம் ஓடிவிட்டது. வழித்தெடுக்க முடியாது, மேலே எதையும் அடித்து மறைக்க முடியாது. கதவைத் திறந்து நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. ஆனால் பத்தொன்பது வருஷமாக அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டவள் அவள்தானே! மீதி மூன்றையும் போட்டு முடித்துவிட்டுத் திறந்தாள்.

அவர் தோலை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். முப்பத்தெட்டாவதில் விரலை வைத்தார்.

"இது?"

"நீங்க குரல் குடுத்தப்போ ஓடினது."

"அடடா" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி, இனிமே எனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

வாய்தான் சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்றது. கடையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு செய்த ஒரே வேலை அந்தக் கால் மணி நேரம்தான். இத்தனை நாள் அது தனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் பொருமியிருக்கிறாள். அவருக்கு இருந்ததே அவ்வளவுதான் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மணி மூன்றரை ஆகியிருந்தது. வட்டத் தோலை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, படிவத்தைப் பைக்குள் திணித்து, செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அடுத்த பைக்குப் பூவ நீங்க வரைங்க. உங்க பக்கம் பாக்கற மாதிரி."

"வரைஞ்சு?"

"வரைஞ்சு, நனைச்சு, நீங்களே அடிங்க. எல்லாம் நீங்களே."

"எனக்கு அச்சு அடிச்சுப் பழக்கம் விட்டுப் போச்சே, பம்பரம்."

"மேஜைல துண்டுத் தோல் கிடக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

தெருமுனைவரை வந்துவிட்டாள். பின்னால் கடையிலிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. நின்றாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு டக், தவறான இடத்தில் விழுந்தது கேட்கும்போதே தெரிந்தது. அடுத்தது விழும்வரை நிற்கலாம் என்று நின்றாள், அதற்கும் அடுத்தது விழும்வரை நின்றாள். ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள் என்ற நினைவு அப்போதுதான் வந்தது. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.