சிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல துணியாக எடுத்து உடுத்தினார்கள். ஆற்றைப் பார்க்கச் சித்திக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு ஆறு என்றால் அதுவரை மணல்தான். தண்ணீருக்கு அந்த மரியாதை தகும் என்றே நினைத்தேன்.

செங்கல்பட்டில் பஸ் ஏறிப் பாலத்துக்கு முன்னால் இறங்கினோம். கரை மேட்டில் கம்பி வேலி போட்டு, ஆற்றைப் பார்க்க இடம் கட்டியிருந்தார்கள். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சிலை. மாமல்லபுரத்தில் செதுக்கிக் கொண்டுவந்தது. ஏதோ பழைய பாட்டில் வரும் பெண்ணாம். பிரிந்துபோனவனுக்குக் கிளியிடம் சேதி சொல்லி அனுப்புகிறாளாம். யாரோ அவளை அம்மன் என்று நினைத்துக் காலடியில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரைக்குக் கரை ஓடியது. என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஓர் அம்மாளும் அவர் மகனும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். பெண் பார்க்க வீட்டுக்கு வந்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவே பேசும். அதனால் முதலில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் பொது இடத்தில் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் திருப்போரூர் கோயில்; இந்தத் தடவை ஆறு. அம்மாவின் தங்கையான சித்தி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வேலையை விட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

பெரியவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலைக்கு இந்தப் பக்கம் சித்தி, அந்தப் பக்கம் கூடுவாஞ்சேரி மாமா. இருவரும் நேராகப் பேசக் கூடாது. சுற்றிச் சுற்றி ஓடிய என்னை அவர் நிறுத்தினார்.

"ஒங்க சித்திக்கு ஆறு புடிச்சிருக்கானு கேட்டுகினு வா."

ஓடினேன். "புடிச்சிருக்குனு சொல்லு. அவரு ஏன் ஆத்த வுட்டுட்டு இங்கயே பாத்துகினு கீறாருனு கேளு" என்றாள் சித்தி.

மறுபடி ஓடினேன். அவர் சிரித்தார். வாய் திறக்கவே கூச்சப்படும் எனக்கு, பேச வேண்டியதை வேறு யாராவது சொல்லித் தருவது பெரிய விடுதலையாக இருந்தது. ஏழெட்டு நடை போயிருப்பேன். அதற்குள் அவருடைய அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாடா வெளையாட்டு? வேலைய வுட்டுடுவாளானு கேக்கச் சொல்லு."

அவர் தயங்கினார். நான் தயங்கவில்லை, கேள்வி கிடைத்துவிட்டதே.

சித்தி தலைப்பை விரலில் சுற்றி, அவிழ்த்தாள். "வுடமாட்டேன்னு சொல்லு. அந்தம்மா காதுல வுழற மாதிரி சொல்லு."

அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்பு பேசியதே இல்லை. சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார். என் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"கேட்டுச்சா? கெளம்பு" என்றார் அந்த அம்மாள்.

மகன் கிளம்பவில்லை. என்னிடம் குனிந்தாலும், கரை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார்: "போவட்டும். காலைல நானே கம்பெனி பஸ்ல ஏத்தி வுடறேன்னு சொல்லு."

மூச்சிரைக்க வந்து சொன்னேன்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் சித்தி.

மறுபடி சொன்னேன்.

"இன்னொரு தபா சொல்லு."

வார்த்தை பிசகாமல் சொன்னேன். ஆற்றங்கரைக் காற்றில் பாவம் சித்திக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்து, நான்காவது தடவை அவள் கேட்காமலேயே கத்திச் சொன்னேன்.